கண் தெரியாத தோட்டத்துப் பிள்ளை, அடுத்த வருஷம் முதலாம் ஆண்டு: எங்கே சேர்ப்பது?

மாலைவகுப்பு:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இன்னும் கொஞ்சம் தொழிலாளர் லயத்து வீடுகள் இருக்கின்றன. அங்கே சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் தன் தங்கையையும் கூட்டி வருகிறாள். தங்கைக்கு ஆறு வயது, பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. ஓரமாகத்தான் உட்காருவாள், ஆனால் மற்றவர்கள் வாய்ப்பாடு சொல்லும்போது அவள் குரல்தான் முதலில் வரும். ஏழாம் வாய்ப்பாட்டில் பெரிய பையன்கள் தடுக்கினால் எடுத்துக் கொடுப்பது அவள்தான்.

அப்பா குத்தகையில் செம்பனைக் குலை வெட்டுகிறார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கப் போகிறார். பிள்ளை பாட்டியோடு வீட்டில். கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு டாக்டர் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாராம், அதற்கப்புறம் எந்த மருத்துவமனைக்கும் போகவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. கார்டு இல்லை. போன வருஷம் பாலர் பள்ளியில் கேட்டதற்கு எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதோடு அப்பா மனம் விட்டுவிட்டார். 'எங்கேயோ தூரத்தில் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஆஸ்ரமா இருக்குதாம், அங்கே விட்டால் பிள்ளை ராத்திரி அழுதால் யார் பார்ப்பா' என்கிறார். அவர் சொல்வதையும் என்னால் தள்ள முடியவில்லை.

நான் கேட்பது இதுதான். இந்தப் பிள்ளையை எங்கே சேர்க்கலாம், எங்கிருந்து தொடங்குவது? தமிழ் படிக்க வழி உண்டா? நாங்கள் நாலைந்து பேர் மாதாமாதம் கொஞ்சம் பணம் போட்டு உதவத் தயாராக இருக்கிறோம், அதை எதற்குக் கொடுத்தால் உண்மையிலேயே பிரயோஜனம்? தெரிந்தவர்கள் தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள், வருஷக் கடைசிக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

தைப்பிங்_அம்மா:

அக்கா, பள்ளிக்கூடத்தைப் பற்றி யோசிக்கும் முன்னால் பிள்ளையை மறுபடி கண் ஸ்பெஷலிஸ்டிடம் காட்டுங்கள். கைக்குழந்தையில் சொன்னதோடு நிற்க வேண்டாம். என் மகன் குறைமாதத்தில் பிறந்தவன், விழித்திரையில் கோளாறு. எங்களிடமும் பார்வை இல்லை என்றுதான் சொன்னார்கள். வளர்ந்தபின் சோதித்தபோது ஒரு கண்ணில் கொஞ்சம் பார்வை இருப்பது தெரிந்தது, இப்போது பெரிய எழுத்தும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வைத்துப் படிக்கிறான். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி இருக்கும் என்று நான் ஆசை காட்டவில்லை. ஆனால் வெளிச்சம் மட்டும் தெரிகிறதா, பக்கத்தில் கை அசைந்தால் தெரிகிறதா, ஒன்றுமே தெரியவில்லையா என்பதை வைத்துத்தான் விரலால் தடவிப் படிக்கும் பிரெயிலா, பெரிய எழுத்தா, இரண்டுமா என்று முடிவு செய்வார்கள். பிறவிக் கண்புரை மாதிரி சிலவற்றுக்கு எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறோமோ அவ்வளவு நல்லது, நாள் போனால் கண் சரியானாலும் மூளை அந்தப் பார்வையைப் பழகிக்கொள்ளாது என்று டாக்டர் எனக்கு விளக்கினார்.

முதலில் சுங்கை சிப்புட் மருத்துவமனையில் காட்டி ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வாங்குங்கள். கார்டுக்கான பாரத்தையும் கையோடு கொண்டு போங்கள், அதில் டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய பகுதி இருக்கிறது, இல்லாவிட்டால் அதற்கென்று இன்னொரு நாள் அலைய வேண்டும். பாரம் சமூகநல இலாகாவான ஜே.கே.எம். ஆபீஸில் கிடைக்கும், காசு கிடையாது. கண்ணாடி போட்டும் இரண்டில் நல்ல கண்ணில் 3/60க்குக் கீழே இருந்தால் (மற்றவர்கள் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டரில்கூடப் பார்க்க முடியாவிட்டால்) பார்வையற்றவர், 6/18க்குக் கீழே ஆனால் 3/60 வரை இருந்தால் குறைந்த பார்வை என்று பதிவு செய்வார்கள். கார்டு கிடைத்துவிட்டால் அரசாங்க மருத்துவமனையில் பிள்ளைக்குக் கட்டணம் பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்று, கேட்கச் சங்கடமான விஷயம். அம்மா அப்பா சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா? அப்படியென்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். சில கண் நோய்கள் பரம்பரையாக வருபவை, அக்காவின் கண்ணையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. யார்மேலும் குற்றம் சொல்வதற்காக இல்லை.

ஓய்வுபெற்ற_டீச்சர்:

நான் சிறப்புக் கல்வியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். பெற்றோரிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வசதியாக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இந்த நாட்டில் ஆரம்பக் கல்வி 2003லிருந்து கட்டாயம், அது கண் தெரியாத பிள்ளைக்கும் சேர்த்துத்தான். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 28வது பிரிவு கல்வியைப் பற்றியே பேசுகிறது. 2019லிருந்து சிறப்புத் தேவை உள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி தட்டிக் கழிக்கக் கூடாது என்பது கல்வி அமைச்சின் கொள்கை. அதனால் பாலர் பள்ளியில் சொன்னதைக் கடைசித் தீர்ப்பாக அந்த அப்பா எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்டக் கல்வி இலாகா, சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் பி.பி.டி. அங்கே சிறப்புக் கல்விக்கென்று ஒரு அதிகாரி இருப்பார், அவர் பெயரைக் கேட்டு அவரையே பாருங்கள், கவுண்டரில் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

வழிகள் மூன்று. பார்வையற்றோருக்கான சிறப்புப் பள்ளியில் தங்கிப் படிக்கலாம். ஜொகூர் பாருவில் இருக்கும் பிரின்சஸ் எலிசபெத் பள்ளி 1940களின் இறுதியிலிருந்து நடக்கிறது, இடைநிலைக்குக் கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் ஒரு பள்ளி உண்டு. இரண்டாவது, சாதாரணப் பள்ளிக்குள்ளேயே பார்வைக்கான ஒருங்கிணைப்பு வகுப்பு, தினமும் வீட்டிலிருந்து போய் வரலாம். மூன்றாவது, சாதாரண வகுப்பிலேயே மற்றப் பிள்ளைகளோடு உட்காருவது. ஒன்றைக் கவனியுங்கள். ஒருங்கிணைப்பு வகுப்பு என்று சொல்லும் பல இடங்களில் இருப்பது கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான வகுப்பு. இந்தப் பிள்ளைக்கு அறிவில் ஒரு குறையும் இல்லை, ஏழாம் வாய்ப்பாடு எடுத்துக் கொடுக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரெயில் தெரிந்த ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் பள்ளி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் பிள்ளை சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாள்.

சேர்ந்தபின் மூன்று மாதம் வரை சோதனைக் காலம் என்று ஒன்று உண்டு, பிள்ளைக்கு எது பொருந்துகிறது என்று பார்ப்பதற்காக. அதைக் கேட்டு வீட்டில் பயந்துவிடப் போகிறார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பள்ளியில் சேர்ந்த சிறப்புத் தேவைப் பிள்ளைக்குக் கல்வி அமைச்சு மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிறது, அதற்கு வங்கிக் கணக்கு வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். குடியுரிமை இடத்தில் என்ன போட்டிருக்கிறது? தோட்டத்தில் இன்னும் அம்மா அப்பா கல்யாணத்தைப் பதியாதவர்கள் உண்டு, அதில் சிக்கல் இருந்தால் கார்டும் கிடைக்காது. அப்படி இருந்தால் தேசியப் பதிவு இலாகாவான ஜே.பி.என்.னில்தான் முதல் வேலை.

லோரிக்காரன்:

எல்லாரும் நல்லா சொல்றீங்க, ஆனா எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆறு வயசுப் பிள்ளையை ஜொகூர் வரைக்கும் அனுப்பணுமா? பேராக்கிலிருந்து போய் வரவே ஒரு நாள் ஓடிவிடும், குலை வெட்டுகிறவர் எப்படிப் போய்ப் பார்ப்பார்? பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் அக்கா படிக்கிறாள், இவளையும் அங்கேயே சேர்த்து அக்கா பக்கத்தில் உட்கார வைக்கலாமே. இப்போ போன்தான் எல்லாத்தையும் வாசித்துக் காட்டுதே, காதால் கேட்டே படிக்கலாம். தாய் தகப்பனோடும் தமிழோடும் வளருவாள். அதுவும் முக்கியம் இல்லையா?

ஆறுபுள்ளி:

லோரிக்கார அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நானே பிறவியிலேயே பார்வை இல்லாதவன், தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன், என் அப்பாவும் குலை வெட்டியவர்தான். இதைப் போனில், திரையில் இருப்பதைச் சத்தமாக வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானை வைத்துத்தான் எழுதுகிறேன், அதனால் போன் எவ்வளவு உதவும் என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு என்.வி.டி.ஏ. என்கிற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது, 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் தொடங்கியது. ஆனால் காதால் மட்டுமே படித்த பிள்ளைக்கு எழுத்துக்கூட்டு வராது. எங்கே ஒற்று, எங்கே பத்தி பிரிகிறது, கணக்கில் எது மேலே எது கீழே, இதெல்லாம் காதில் விழாது. விரலால் படித்தால்தான் மனதில் நிற்கும். கண் தெரிகிற பிள்ளைக்குப் புத்தகம் வேண்டாம், வானொலியே போதும் என்று யாராவது சொல்வார்களா?

பாட்டும் வாய்ப்பாடும் நன்றாக வருகிற பிள்ளையைத்தான் எல்லாரும் கெட்டிக்காரி என்று மெச்சிவிட்டு அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அவளுக்கு ஞாபக சக்தி இருக்கிறது சரி, அவளே தனியாக ஒரு பக்கத்தைப் படித்து அதில் தப்பு இருக்கிறது என்று சொல்லும் நாள் வர வேண்டும். அதற்குப் பிரெயில் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அக்காவுக்கு ஒன்பது வயது, அவள் படிப்பதா தங்கைக்கு வாசித்துக் காட்டுவதா? அந்தப் பாரத்தை அவள் தலையில் வைக்காதீர்கள்.

தமிழைப் பற்றிக் கேட்டீர்கள். சிறப்புப் பள்ளியில் மலாயில்தான் பாடம், உண்மை. ஆனால் தமிழ் பிரெயில் என்று ஒன்று இருக்கிறது, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் முறையில் வருவது. அதில் ஒரு பெரிய வசதி. ஒலி ஒத்த எழுத்துகளுக்குப் பெரும்பாலும் அதே புள்ளிகள்தான். ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிக்கு இடம், எண் வரிசையைக் கீழே சொல்கிறேன். 1, 3 வைத்தால் மலாயில் கே, தமிழில் க. 1, 3, 4 வைத்தால் அங்கே எம், இங்கே ம. ப, ல, ர எல்லாம் அப்படித்தான். உயிர்மெய்க்குத் தனி எழுத்து கிடையாது, மெய்யை எழுதி அடுத்த கட்டத்தில் உயிரை எழுத வேண்டும். ஒற்றெழுத்து என்றால் அதற்கு முன்னால் நாலாம் புள்ளி மட்டும் வைத்த ஒரு கட்டம். 'அம்மா' என்று எழுத ஐந்து கட்டம்: அ, நாலாம் புள்ளி, ம, ம, ஆ. பள்ளியில் மலாய் பிரெயில் கற்ற பிள்ளைக்கு லீவு நாளில் வீட்டிலேயே தமிழ் சொல்லிக் கொடுத்துவிடலாம், அதற்கு நீங்கள் ஒருவர் அந்தப் புள்ளிகளைக் கற்றுக்கொண்டால் போதும். கண்ணால் பார்த்தே கற்கலாம். எனக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது கோயிலில் தேவார வகுப்பு நடத்திய ஒரு ஐயா.

பள்ளி கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். முட்டை அட்டையில் ஆறு குழியை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. சின்ன எலுமிச்சை மாதிரி இருக்கும் கஸ்தூரி லிமாவ் காயை வைத்து எழுத்து போட்டு விளையாடலாம். அப்புறம் விரலைப் பழக்க வேண்டும்: பயறையும் கடலையையும் கலந்து பிரிக்கச் சொல்லுங்கள், சட்டைப் பொத்தான் போட, துணி மடிக்க, மாவு பிசைய விடுங்கள். பாட்டி பாசத்தில் ஊட்டிவிடுவார்கள், உடுத்திவிடுவார்கள், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லுங்கள். ஆஸ்ரமாவில் முதல் மாதம் அழுவது வீட்டு ஞாபகத்தில் மட்டும் இல்லை, தானாகச் சாப்பிட, குளிக்கத் தெரியாத பிள்ளைக்குத்தான் அது ரொம்பக் கஷ்டம்.

நடக்கும்போது அவள் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோளைப் பிடித்துத் தள்ளாதீர்கள். அவள் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை அடி முன்னால் போங்கள். படி வந்தால் உங்கள் கை ஏறுவதிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்குள் சுவரைப் புறங்கை விரலால் தடவி நடக்கச் சொல்லிக் கொடுங்கள், உள்ளங்கையை நீட்டினால் விரல் மடங்கி அடிபடும்.

அந்த அப்பாவிடம் நான் பேசுகிறேன். தனிச்செய்தியில் எழுதுங்கள், என் எண் தருகிறேன். ராத்திரி அழுதால் யார் பார்ப்பது என்று கேட்டாரே, அழுதவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அழுதேன். என்னைவிட மூத்த பிள்ளைகள் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டார்கள். கண் தெரியாத இன்னொரு பிள்ளையை நான் வாழ்க்கையில் முதல் தடவை சந்தித்தது அங்கேதான், அதுவரை உலகத்திலேயே நான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

மாலைவகுப்பு:

ஆறுபுள்ளி தம்பி, கண் கலங்கிவிட்டது. உங்கள் பதிலை அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். முட்டை அட்டை ஏற்பாடு செய்தாகிவிட்டது.

டீச்சர், பிறப்புப் பத்திரம் பார்த்தேன், வார்கநெகாரா, அதாவது குடிமகள் என்றுதான் இருக்கிறது, நல்லவேளை. ஆனால் அப்பா இன்னும் இழுக்கிறார். பேச்சோடு பேச்சாக விஷயம் வெளியே வந்தது. ஈப்போவுக்கு ஒரு நாள், கோலகங்சாருக்கு ஒரு நாள், கார்டுக்கு ஒரு நாள் என்று போனால் அத்தனை நாளும் அவருக்கும் மனைவிக்கும் கூலி இல்லை. வெட்டினால்தான் காசு. இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் அவர் வெட்டும் மர வரிசையைக் குத்தகைக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். ஆஸ்ரமா பயமும் உண்மைதான், ஆனால் இது அவர் வாயால் சொல்ல வெட்கப்பட்ட காரணம்.

அப்புறம், ஜொகூர்தானா? பினாங்கில் எதுவும் இல்லையா?

ஓய்வுபெற்ற_டீச்சர்:

உங்கள் பணத்தை எதற்குக் கொடுப்பது என்று கேட்டீர்களே, அந்த அப்பாவே பதில் சொல்லிவிட்டார். நான் வேலையில் இருந்த காலம் முழுக்கப் பார்த்தது இதுதான். அரசாங்கத்தில் படிப்புக்குக் காசு வாங்குவதில்லை, கார்டுக்குக் காசு இல்லை, ஆனால் அந்தக் கவுண்டர்வரை போய்ச் சேருவதற்குக் கூலிக்காரக் குடும்பத்துக்குச் செலவு இருக்கிறது, அதை எந்த பாரத்திலும் எழுத இடமில்லை. தீபாவளிக்கு அரிசியும் எண்ணெயும் கொடுப்பவர்கள் நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள், ஆனால் வேலைக்குப் போகாத நாளின் கூலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மருத்துவமனைக்குப் போகிற நாளுக்கு ஒரு ஆள் கூலியை அப்படியே கையில் கொடுங்கள். முடிந்தால் அம்மாவை மட்டும் கூட்டிப் போங்கள், அப்பா வேலைக்குப் போகட்டும், அவர் கையெழுத்து வேண்டிய பாரத்தை முந்தின ராத்திரியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களில் ஒருவர் கூடவே போக வேண்டும், இது ரொம்ப முக்கியம். ஆபீஸில் மலாயில் கேட்கும் கேள்விக்குத் தயங்கி நின்றால் பாரம் முழுமையாக இல்லை என்று திருப்பிவிடுவார்கள், மறுபடி ஒரு கூலி போகும்.

பள்ளியில் சேர்ந்தபின்னும் செலவு இதே மாதிரிதான். மாதம் ஒரு தடவையாவது அம்மா அப்பா போய்ப் பார்க்கவும், பிள்ளை லீவுக்கு வரவும் பஸ் காசு. அதை உங்கள் நாலைந்து பேரும் பொறுப்பெடுத்தால் தூரம் என்கிற பயம் பாதி குறையும். மடிக்கணினி, டேப்லட் எல்லாம் இப்போது வாங்காதீர்கள். பிரெயில் எழுதும் பலகையும் ஊசியும் போதும், அதுவும் பள்ளியில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பினாங்கில் செயின்ட் நிக்கலஸ் இல்லம் இருக்கிறது. 1926இல் மலாக்காவில் தொடங்கி அப்புறம் பினாங்குக்கு மாறியது, நாட்டில் பார்வையற்றோருக்கு மிகப் பழைய இல்லம். பள்ளி வயதுக்கு முந்திய பிள்ளைகளுக்கான பயிற்சியும் பெற்றோருக்கு ஆலோசனையும் உண்டு. சுங்கை சிப்புட்டிலிருந்து ஜொகூரைவிட எவ்வளவோ பக்கம். முதலில் அவர்களுக்குப் போன் செய்து பிள்ளையின் வயதையும் நிலையையும் சொல்லி, வடக்கே எந்தப் பள்ளியில் இடம் கேட்கலாம் என்று கேளுங்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951லிருந்து இருக்கிறது, பிரெயில் புத்தகம், நடைப்பயிற்சி இவற்றுக்கு அங்கே கேட்கலாம். பேராக்கிலேயே பார்வைக்கான ஒருங்கிணைப்பு வகுப்பு எந்தப் பள்ளியில் நடக்கிறது, அதில் இடம் உண்டா என்று பி.பி.டி. அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் கேட்டால்தான் எழுத்தில் பதில் வரும்.

லோரிக்காரன்:

ஆறுபுள்ளி தம்பி சொன்னதைப் படித்தபின் நான் வாதாட வரவில்லை. வியாழக்கிழமைகளில் எனக்கு ஈப்போ லோடு இருக்கும், ஆனால் லோரியில் பிள்ளையை ஏற்ற முடியாது. என் மகனிடம் கார் இருக்கிறது, அவன் ஷிப்ட் வேலை, பகலில் சும்மாதான் இருப்பான். மருத்துவமனை தேதி வந்ததும் சொல்லுங்கள் அக்கா, பெட்ரோல் காசு வேண்டாம். ஒரு ஆள் கூலியில் பாதியும் என் பங்கு.

தைப்பிங்_அம்மா:

தேதி கொடுக்கும்போது காலை நேரமாகக் கேளுங்கள் அக்கா. கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்ப்பார்கள், சொட்டு வேலை செய்ய நேரம் எடுக்கும், மதியத்துக்கு மேல் போனால் இன்னொரு நாள் வரச் சொல்லலாம். சொட்டு எரியும் என்று பிள்ளையிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், யார் எதற்காகத் தொடுகிறார்கள் என்று தெரியாவிட்டால் இவர்கள் பயந்துவிடுவார்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

மாலைவகுப்பு:

அப்பா சரி என்றுவிட்டார். ஆறுபுள்ளி தம்பி நேற்று ராத்திரி அவரோடு ரொம்ப நேரம் பேசினாராம், என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. பள்ளி முடிவு பினாங்கில் விசாரித்தபின், ஆனால் மருத்துவமனைக்கும் கார்டுக்கும் அம்மா வருகிறார், கூடவே நான் போகிறேன். அண்ணே, மகனின் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். டீச்சர், பி.பி.டி.க்கு எழுதும் கடிதத்தை இங்கே போடுகிறேன், மலாயைக் கொஞ்சம் திருத்திக் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற_டீச்சர்:

போடுங்கள், இன்றைக்கே பார்க்கிறேன். பிறப்புப் பத்திரம், பெற்றோர் இருவரின் ஐ.சி. (அடையாள அட்டை), டாக்டர் கடிதம், கார்டு வந்தால் கார்டு, எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து ஒரு ஃபைலில் வையுங்கள். மூலத்தை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். கடிதம் கொடுக்கும்போது உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.